வெர்டி சொன்ன நன்றி

ராஷான் டன்லியை விட்டுப் புறப்பட்டது 2009 ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே வெயில் தார்ச்சாலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அலபாமாவின் தென்மூலையில் இருக்கும் அந்த ஊரில் பேருந்து நிலையம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பெட்ரோல் பங்கின் ஓரத்தில் ஒரு இரும்பு பெஞ்சு, அதற்கு மேல் ஒரு தகரக் கூரை. அந்தக் கூரைக்குக் கீழே அன்றைக்கு மவுண்ட் சாலேம் சபையில் பாதி வந்து நின்றது. பாஸ்டர் லெட்லோ வந்து ராஷானின் தலையில் கை வைத்து ஜெபித்தார். பாடகர் குழுவில் அவன் அம்மா வெர்டிக்குப் பக்கத்தில் நிற்கும் டெலோரா, வழியில் தின்ன மீன் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அவன் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஹார்க்ரோவ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்காகப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடப் போகிற கை.

வெர்டி டில்மனுக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏன்டா, அந்தக் கோச் மூணு தடவை நம்ம வீட்டுக்குக் கார்ல வந்தாரே. இன்னைக்கு ஒரு கார் அனுப்பக் கூடாதா?"

"அது ரூல்மா. படிப்புச் செலவைத் தவிர ஆடற பசங்களுக்கு எதுவும் தரக் கூடாது. அவங்க கார்ல ஏறினா சலுகை வாங்கின மாதிரி ஆயிடும்."

"ஓஹோ! என் கையால சுட்ட பீச் கேக்கை ரெண்டு துண்டு முழுங்கினாரே, அது சலுகை இல்லையா?"

டெலோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு இல்லடி, மூணு. நான் பாத்தேன்."

ராஷானும் சிரித்தான். பேருந்து வந்தது. அம்மாவைத் தரையிலிருந்து தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு ஏறினான். வெர்டி கையாட்டினாள், வலது கையை அல்ல, இடது கையை. வலது மணிக்கட்டு தோளுக்கு மேலே போனால் சுரீர் என்னும்.

அந்த மணிக்கட்டு கோழி ஆலையில் கெட்டது. பத்தொன்பது வயதில் கத்தியைக் கையில் எடுத்தவள். தலைக்கு மேலே கொக்கிகளில் கோழிகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும்; எலும்பைவிட்டுச் சதையைப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆலையின் குளிரில் விரல் மரத்துப்போகும், வரிசை நிற்காது. ஒண்ணுக்குப் போவதற்குக்கூட மேற்பார்வையாளனிடம் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். டெட்ராய்ட்டுக்கு வேலை தேடிப் போன புருஷன் அங்கேயே கரைந்துவிட்டான். ஆலைச் சம்பளத்தில்தான் ராஷான் வளர்ந்தான். அதனாலேயே வெர்டியின் வீட்டில் கோழிக்கறி சமைப்பதில்லை. "நாள் முழுக்க அதுங்க மூஞ்சியில முழிச்சது போதும்" என்பாள்.

அவளிடம் குரல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் சாலேமில் அவள் எழுந்து நின்றால் பின் வரிசையில் தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள். பாட்டைவிட அவள் சாட்சி சொல்வதைக் கேட்கத்தான் ஜனங்களுக்கு ஆசை. அந்தச் சபையில் சாட்சி என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. தேவன் என்ன செய்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. யார் மூலமாகச் செய்தார் என்று பேர் சொல்ல வேண்டும். பல வருஷம் முன்னால் ஒரு சகோதரி, தனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு பானை கீரை கொண்டுவந்து கொடுத்தவள் பேரை மறந்துவிட்டாள். கீரைக்காரி இரண்டு ஈஸ்டர்வரைக்கும் அவளோடு பேசவில்லை. வெர்டி எந்தப் பேரையும் மறந்தது கிடையாது.

ஹார்க்ரோவில் ராஷான் ஓடினான். முதல் வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் இரண்டாம் வருஷம் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். இருபத்திரண்டாம் எண் பச்சைச் சட்டை. வெர்டி ஒருமுறை அவனைப் பார்க்கப் போனபோது, ஸ்டேடியத்துக்கு வெளியே கடையில் அந்தச் சட்டை சுவர் முழுக்கத் தொங்கியது. பேர் போடவில்லை, எண் மட்டும். பேர் போட்டால் பையனுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்குமாம். எண் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். எழுபது டாலர் கொடுத்து ஒரு சட்டை வாங்கிக்கொண்டாள். கடைக்காரப் பெண் "ரசிகையா மேடம்?" என்று கேட்டாள்.

"பெத்தவ" என்றாள் வெர்டி.

"அப்படியா! சந்தோஷம்! ரசீது வேணுமா?"

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ராஷான் பாலம் கட்டும் படிப்புப் படிக்க ஆசைப்பட்டவன். சின்ன வயதில் ஆற்றுப் பாலத்துக்கு அடியில் போய் நின்று, மேலே லாரி போகும்போது அது எப்படி உடையாமல் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுத்தவன். பொறியியல் படிப்பின் சோதனைக்கூட வகுப்புகள் மத்தியான வேளையில் இருந்தன. பயிற்சியும் மத்தியானம்தான். ஆகவே அவனுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆலோசகர் அவனைப் பொழுதுபோக்கு நிர்வாகம் என்ற படிப்பில் சேர்த்துவிட்டார்.

"அதுல என்ன சொல்லித் தராங்க?" என்று வெர்டி கேட்டாள்.

"பார்க்கை எப்படிப் பாத்துக்கறது, நீச்சல் குளத்தை எப்படி நடத்தறது..."

"நம்ம ஊர்ல ஒரே ஒரு நீச்சல் குளம் இருந்துச்சு. கறுப்புப் பிள்ளைங்க இறங்கிடுவாங்கன்னு அதையும் மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க."

"விடும்மா. ஓடற வரைக்கும் ஓடறேன்."

ஓடியது 2011 அக்டோபர் வரைக்கும். வெகுதூரத்து மாநிலம் ஒன்றில் ஆட்டம். வெர்டி வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அந்த எழுபது டாலர் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள். இரண்டு பேர் எழுந்தார்கள். மூன்றாமவன் எழுந்ததும் தன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டதைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ராஷானின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் போயிருந்தது. அதை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பிறகு இன்னொரு கோணத்திலிருந்து காட்டினார்கள். பிறகு பீர் விளம்பரம் வந்தது.

வீக்கம் வடிந்ததும் செவ்வாய்க்கிழமை அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே அறுவை சிகிச்சை. வெர்டி எப்படிப் போவது? அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு விதி இடம் தராது என்று ஒரு பெண் தொலைபேசியில் இனிமையாகச் சொன்னாள். அதே விதிதான், காரில் ஏற்றாத விதி. பாஸ்டர் லெட்லோ மறுநாள் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "சிஸ்டர் வெர்டியோட பிள்ளை அங்க தனியா கெடக்கான். தட்டை எடுங்க" என்றார். காணிக்கைத் தட்டு இரண்டு முறை சுற்றியது. கேள்விப்பட்டு வெளியிலிருந்தும் சிலர் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கும் ட்ரென்ஹோம் என்ற வெள்ளைக்காரர், கட்டில் ஏற்றிப்போகும் பையன் கையில் ஒரு கவர் கொடுத்தனுப்பினார். வெர்டி வாழ்க்கையில் முதல்முறையாக விமானத்தில் ஏறினாள்.

ராஷான் கண்ணைத் திறந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். "ஜெயிச்சோமா?" என்று கேட்டான். அவள் அவன் நெற்றியில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: இது முதல் ஆபரேஷன். வசந்தகாலத்தில் இரண்டாவது செய்தாக வேண்டும். அது நடக்காவிட்டால் கால் நேராகாது. ஆயுளுக்கும் விந்தல்தான். அறையில் நின்றிருந்த உதவிப் பயிற்சியாளர் வெர்டியின் தோளைத் தட்டி, "கவலையே படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

ஊருக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை வெர்டி சபையில் எழுந்து நின்றாள். அவள் அறிந்த ஒரே முறைப்படி தேவனுக்கு நன்றி சொன்னாள். பாஸ்டருக்கு, டெலோராவுக்கு, வேலை முறையை மாற்றிக்கொடுத்த ஆலைத் தோழிகளுக்கு, எல்லாருக்கும் பேர் சொல்லி. கடைசியாக ட்ரென்ஹோமுக்கு. மவுண்ட் சாலேம் ஆராதனை ஒவ்வொரு ஞாயிறும் வட்டார வானொலியில் நேரடியாகப் போகும். அது அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். கொடுத்தவர் பேர் நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றுதானே சொல்வது.

பக்கத்து மாவட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்கும் கேட்டது. அவன் ஹார்க்ரோவின் பரம எதிரி அணியின் ரசிகன். ஹார்க்ரோவ் தோற்றால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். மத்தியான மறுஒலிபரப்பைப் பதிவு செய்து, தன் அணி ரசிகர்களின் இணையதளத்தில் போட்டுவிட்டான். வாரம் முடிவதற்குள் செய்தித்தாளில் வந்தது.

வெர்டியை ஹார்க்ரோவுக்கு வரச் சொன்னார்கள். கூட்டம் நடந்த கட்டடத்தின் நடைபாதைச் சுவரில் ராஷானின் படம் ஆளைவிடப் பெரியதாக ஒட்டியிருந்தது, பந்தோடு காற்றில் மிதப்பதுபோல. அதற்குக் கீழே ராஷான் ஊன்றுகோல்களோடு உட்கார்ந்திருந்தான். அறைக்குள், விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவின் அதிகாரி மிஸ் ஹெய்ன்ஸ். சின்னப் பெண், பச்சைக் கழுத்துத்துணி. பயிற்சியாளர் வரவில்லை.

"தண்ணி குடிக்கறீங்களா மிஸஸ் டில்மன்?"

"குடிக்கலாமா? இல்ல அதுவும் சலுகையாயிடுமா?"

மிஸ் ஹெய்ன்ஸ் சிரிக்க முயன்றாள். பிறகு மடிக்கணினியைத் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினாள். வெர்டியின் குரல் அறையை நிறைத்தது.

"...ஸ்தோத்திரம் ஆண்டவரே! நம்ம ஃபர்னிச்சர் கடை மிஸ்டர் ட்ரென்ஹோம், அவரு நம்ம சபைகூட இல்ல, ஆனா என் பிள்ளை ஓடற ஒரு ஆட்டத்தை விட்டது கிடையாது, வருசா வருசம் எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட்டு வாங்கறவரு, அவரு மனசு எளகி ஒரு கவர் அனுப்பினாரு! மிஸ்டர் ட்ரென்ஹோம், நீங்க கேட்டுக்கிட்டு இருந்தா, தேவன் உங்க கடையை ஆசீர்வதிக்கட்டும்!" பின்னால் ஆர்கன் எழும்பியது. "ஆமென்! சொல்லு சிஸ்டர்!" என்று நூறு குரல்கள்.

மிஸ் ஹெய்ன்ஸ் நிறுத்தினாள். "இது உங்க குரல்தானே?"

"என் குரல் எனக்குத் தெரியாதா? பூரா ஊருக்கும் தெரியும்."

"மிஸ்டர் ட்ரென்ஹோம் பல்கலைக்கழகத்தோட பதிவு செஞ்ச ஆதரவாளர். புது ஸ்டேடியப் பகுதிக்கு நன்கொடை குடுத்தவர். ஆதரவாளர் ஒருத்தர் வீரரோட குடும்பத்துக்குப் பணம் குடுக்கறது விதிமீறல். இந்த சாட்சியத்தை நாங்க கல்லூரி விளையாட்டுச் சங்கத்தோட மேலிடத்துக்கு அனுப்பியாகணும்."

"சாட்சியமா?" வெர்டி நாற்காலியைவிட்டு எழுந்தாள். "அம்மாடி, அது என் சாட்சி. ஆண்டவருக்கு முன்னால நின்னு சொன்னது. அதை எடுத்து என் பிள்ளைக்கு எதிராத் திருப்பறியா நீ? அந்த மனுசன் ஸ்டேடியத்துக்குக் குடுத்தா அவர் பேரைக் கல்லுல வெட்டி வைக்கறீங்க. அடிபட்ட பிள்ளையைப் பாக்க அம்மாவுக்குக் குடுத்தா குத்தமா?"

"கத்தாதம்மா" என்றான் ராஷான் மெதுவாக.

"நான் கத்தல. இது என் சாதாரணக் குரல்."

மிஸ் ஹெய்ன்ஸ் தாழ்ந்த குரலில் விளக்கினாள். விசாரணை முடியும்வரை ராஷான் அணியில் கிடையாது. அவனுடைய உதவித்தொகை வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது. இந்த நிலைமையில் ஜூலையில் புதுப்பிக்க வாய்ப்பில்லை. அணியில் இல்லாதவருக்கு அணியின் காப்பீடு செல்லாது.

"அப்போ ரெண்டாவது ஆபரேஷன்?"

மிஸ் ஹெய்ன்ஸ் மடிக்கணினியை மூடினாள்.

வெர்டி தன் வலது மணிக்கட்டை நீட்டினாள். உள்பக்கத்தில் வெளிறிய தழும்பு. "இதைப் பாரு. கோழி ஆலையில கெட்டது. அந்த ஆலைக்காரன் எப்படிப்பட்டவன் தெரியுமா? ஒண்ணுக்குப் போகவே நேரம் தர மாட்டான். அவன்கூட முணுமுணுத்துக்கிட்டே ஆபரேஷனுக்குக் கட்டினான். ஏன்னா நான் அவனோட வேலைக்காரி, சட்டம் இருக்கு. என் பிள்ளை உங்களுக்காக ஓடித்தானே காலை ஒடச்சுக்கிட்டான்? கோழிக்காரனுக்கு இருக்கற வெக்கம்கூட உங்களுக்கு இல்லையா?"

"ராஷான் வேலைக்காரர் இல்ல மிஸஸ் டில்மன். அவர் மாணவ வீரர். அது வேலை இல்ல, விளையாட்டு."

"சரி, மாணவனாவே இருக்கட்டும். அவன் கேட்ட படிப்பை ஏன் குடுக்கல? பாலம் கட்டற படிப்பு கேட்டான். பயிற்சி இருக்குன்னு நீச்சல் குளத்துக்குக் காவல் காக்கற படிப்பைக் குடுத்தீங்க. காசுன்னு கேட்டா மாணவன்கறீங்க. படிப்புன்னு கேட்டா வீரன்கறீங்க. ஆஸ்பத்திரின்னு கேட்டா அவன் யாருன்னே தெரியாதுங்கறீங்க."

அதே மாதம் பயிற்சியாளருக்குச் சம்பளம் உயர்ந்திருந்தது. ஆளுநருக்குக்கூட அத்தனை சம்பளம் கிடையாது என்று செய்தித்தாளே பெருமையாக எழுதியது. வெர்டி வீட்டிலிருந்து அவருக்கு எத்தனையோ முறை தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒருமுறைகூட அவர் எடுக்கவில்லை.

டெலோராவின் காரில் ஊருக்குத் திரும்பும்போது ராஷான் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான். "அந்த ஒரு பேரை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்மா" என்றான்.

டெலோரா கண்ணாடியில் அவனை முறைத்தாள். வெர்டி திரும்பிப் பார்க்கவில்லை. "உனக்குக் குடுத்தவங்க பேரையெல்லாம் நான் சொன்னேன். உன்கிட்டேருந்து எடுத்தவங்க பேரை இதுவரைக்கும் யாரும் சொல்லல. அதான் தப்பு" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் மறுபடி எழுந்து நின்றாள். பாஸ்டர் வழக்கம்போல், "வாங்க சிஸ்டர்" என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

"இன்னைக்கும் பேர் சொல்லத்தான் வந்திருக்கேன்" என்று தொடங்கினாள் வெர்டி. சபை "ஆமென்" என்றது. பயிற்சியாளரின் முழுப் பேரைச் சொன்னாள். அவர் சம்பளத்தைச் சொன்னாள். என் வீட்டில் உட்கார்ந்து என் கேக்கைத் தின்று, உன் பிள்ளை இனி என் பிள்ளை என்று சொன்னவர் என்றாள். தோளைத் தட்டிய உதவிப் பயிற்சியாளர் பேரைச் சொன்னாள். ஆலோசகர் பேர். பல்கலைக்கழகத் தலைவர் பேர். ஆமென்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஹார்க்ரோவில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டவர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள். பிள்ளைகளை அனுப்ப ஆசைப்பட்டவர்கள் அதைவிட அதிகம். பாஸ்டர் லெட்லோ ஆர்கன் வாசிப்பவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஆர்கன் எழும்பியது. வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் பிறகு பாட்டுத்தான் கேட்டது. வெர்டி ஆர்கனுக்கு மேலே குரலை உயர்த்தி, மீதிப் பேர்களையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். டெலோரா ஒருத்தி மட்டும் எழுந்து நின்று கை தட்டினாள்.

ஆலையின் சாப்பாட்டு அறையில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. உயிர்க் கோழியைக் கொக்கியில் மாட்டும் ஓட்டிஸ், டப்பாவைத் திறந்தபடி, "எதுக்கு இவ்வளவு ரகளை மிஸ் வெர்டி? சும்மா படிப்பு, சும்மா சோறு, சும்மா படுக்கை. என் பையனுக்குக் குடுத்தா ரெண்டு காலையும் ஒடச்சுக்கச் சொல்லுவேன்" என்றான்.

"ஓட்டிஸ், நாளைலேருந்து ஆலைக்காரன் உனக்குச் சம்பளம் வேண்டாம், தினம் ரெண்டு கோழி தரேன்னு சொன்னா வருவியா?"

"அது எப்படி?"

"ஏன், சும்மா கோழிதானே?"

மேசை முழுக்கச் சிரித்தது. ஓட்டிஸும் சிரித்தான். வெர்டி சிரிக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

ஜூலையில் உதவித்தொகை நின்றது. அதற்கு முன்பே, வசந்தகாலத்தில், இரண்டாவது ஆபரேஷனுக்குச் சபை ஒருமுறை தட்டை எடுத்திருந்தது. பழைய உற்சாகம் இல்லை. சேர்ந்தது மருத்துவமனைக் கட்டணத்தின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. ஆபரேஷன் நடக்கவே இல்லை. ராஷான் டயர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். விந்தி விந்தி நடந்தான். முப்பது வயதில் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் ஃபுட்பால் ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவான். யாரிடமும் எதுவும் சொல்லமாட்டான். அவன் சொல்லாததையெல்லாம் வெர்டி சொன்னாள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். டன்லியில் சிலர் அவளைக் கண்டால் எதிர் நடைபாதைக்கு மாறினார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

பத்து வருஷம் கழித்து விதியை மாற்றினார்கள். ஆலைத் தொலைக்காட்சியில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் கார் விளம்பரத்தில் வந்தார்கள். தங்கள் பேரைத் தாங்களே விற்றுக்கொள்ளலாமாம். ஆதரவாளர்கள் நிதி சேர்த்து வீரர்களுக்குக் கொடுக்கலாமாம். "இப்போ சரியாப் போச்சுல்ல மிஸ் வெர்டி?" என்றான் ஓட்டிஸ். அவள் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

2023இல் ஒரு நாள், வேலை முடிந்து ஆலையின் வண்டி நிறுத்துமிடத்தில், ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. ராஷான் அணியில் இருந்தபோது, அடிபட்டால் தகவல் சொல்ல வேண்டும் என்று ஹார்க்ரோவில் வாங்கி வைத்த எண். அதை அவள் மாற்றவே இல்லை. மரத்த விரலால் திறந்து படித்தாள்.

"ஹார்க்ரோவ் பசுமைக் குடும்பத்தினரே! நம் வீரர்கள் நமக்காக உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நியாயமான ஊதியம் கிடைக்க வேண்டாமா? பிற பல்கலைக்கழகங்கள் அள்ளிக் கொடுக்கின்றன. நாம் பின்தங்கலாமா? மாதம் இருபத்தைந்து டாலர் கொடுத்து ஒரு வீரருக்குத் துணை நில்லுங்கள். கொடுக்க 1 என்று பதில் அனுப்பவும்."